ஜாபர் பாய் கம்பியை மூடிய இடம்

என் மகள் போனில் கிட்டார் இசையை ஓடவிட்டபடி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நன்றாகப் போன வாசிப்பு திடீரென்று நின்றது. “சார்ஜ் போயிடுச்சாடி?” என்றேன். “அய்யோ அம்மா, அது கேப்! வேணும்னேதான் விடுறாங்க. இப்பல்லாம் கிட்டார்ல அதுதான் அழகே” என்றாள். ஒரு நிமிஷம் வாயை மூடத் தெரியாத எனக்கு மௌனத்தைப் பற்றிப் பாடம்! ஆனால் அந்த நின்ற இடத்தில் கஞ்சி போட்ட புதுத்துணியின் வாசனை மூக்கில் ஏறியது, நம்புங்கள்.

அந்தக் காலத்தில் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. வையம்பட்டியில் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அதுவே பெரிய உத்தியோகம். கடை மாடியில் ஒரு மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும். சேலை மடித்துக்கொண்டே நான் முணுமுணுத்ததைக் கேட்டு, குழுவை நடத்திய மாஸ்டர் ஒருநாள் என்னை மேலே கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு கஷ்டம். துணித்தூசி ஒத்துக்கொள்ளாமல் எனக்கு இளைப்பு வரும். நீளமாகப் பாடினால் நெஞ்சு விசிலடிக்கும். மாஸ்டருக்குத் தெரிந்தால் மறுநாளே வேறு பெண்ணைக் கூட்டிவந்துவிடுவார். பாட்டும் போனால் எனக்கு என்ன மிச்சம், சேலைதான். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கிட்டார் வாசித்தவர் ஜாபர் பாய். பகலில் அவருடைய அத்தாவின் செருப்புக்கடையில் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசாதவர். நாங்கள் வழக்கமாகப் பாடும் ஒரு பாட்டில், குரல் உச்சிக்கு ஏறும் வரிக்கு முன்னால், மனிதர் கம்பிகளை உள்ளங்கையால் மூடிவிடுவார். தபேலாக்காரரும் அவர் கையைப் பார்த்து நிறுத்திவிடுவார். மிருதங்கத்தில் அடிக்காமல் இடைவெளி விடுவதைக் கார்வை என்பார்களே, அது மாதிரி. ஆனால் இதற்குக் கணக்கு கிடையாது. ஒருநாள் நீளும், ஒருநாள் சுருங்கும்.

வையம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் அது ரொம்பவே நீண்டுவிட்டது. ஒயர் கழன்றுவிட்டதென்று நினைத்த மைக்செட்டுக்காரர் மேடைக்கு ஓடிவந்து ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் சொந்த ஊர் வேறு, மானம் போய்விட்டது!

“ஏன் பாய், நடுவுல தூங்கிட்டீங்களா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

“அந்த இடம் அப்படித்தாம்மா” என்றார்.

மாஸ்டர் விடவில்லை. “ஜாபரு, பாட்டை ஓட்டத் தெரியணும்யா. நிறுத்தத் தெரிஞ்சா பத்தாது.” பாய் அதற்கும் சிரித்துவிட்டுக் கிட்டாரை உறையில் போட்டார்.

பிறகு கீபோர்டு வந்தது. பொத்தானை அமுக்கினால் தாளம், கிட்டார் எல்லாம் அதற்குள்ளிருந்தே வந்தன. “இனிமே உனக்கு எதுக்கு ஜாபரு வீண் அலைச்சல்” என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். பாய் ஷார்ஜாவில் இருந்த மச்சானிடம் போய்ச் சேர்ந்தார். அப்பாடா, இனிப் பாட்டு நடுவில் நிற்காது என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

அடுத்த கச்சேரி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். அதே பாட்டு. உச்சிக்கு ஏறும் இடம் வந்தது. கீபோர்டின் தாளம் டக்கு டக்கென்று போய்க்கொண்டே இருந்தது. மூச்சை இழுத்தேன், பாதிதான் வந்தது. அதற்குள் வரி என்னைத் தாண்டிவிட்டது. துரத்திப் பிடிக்கப் பார்த்தேன், குரல் கிழிந்தது. என் நெஞ்சின் விசில் மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அங்கேயே, மேடையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிறுத்தம் நீண்டுபோன நாட்களெல்லாம் எனக்கு இளைப்பு அதிகமாக இருந்த நாட்கள். வையம்பட்டிக் கல்யாணத்தன்று காலையிலிருந்து கடையில் புதுச்சரக்குப் பிரித்திருந்தோம். பாய் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு மூச்சு நிரம்பியது தெரிந்த பிறகுதான் கம்பியிலிருந்து கையை எடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. திட்டையும் அவரே வாங்கிக்கொண்டார், என்னிடமிருந்தும்.

“வீசிங்காம்மா உனக்கு? முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார் மாஸ்டர். மறுவாரம் வேறு பெண் பாடினாள்.

ரொம்ப வருஷம் கழித்துச் செருப்புக்கடையில் போய் விசாரித்தேன். “அங்கயே மௌத்தாயிட்டாரும்மா” என்றார்கள். ஷார்ஜாவிலேயே இறந்துபோயிருக்கிறார். இப்போது அந்தக் கடையும் இல்லை. ஒத்திகை நடந்த மாடி குடோனாகிவிட்டது.

தில்லை நகர் டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார், மூச்சு தாராளமாக வருகிறது. மகள் அந்தப் பாட்டின் கரோக்கேயைப் போனில் போட்டுத் தந்தாள். இடறாமல் பாடிக்கொண்டே போனேன். அந்த வரிக்கு முன்னால் வந்ததும் நானாகவே நின்றுவிட்டேன். கரோக்கே அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.