சத்தமில்லாமல் ஆயிரத்து முந்நூறு படங்கள்

இதை எழுதுகிறவன் சுவர்ச்சலாவை முதன்முதலில் பார்த்தபோது அவள் கண்ணெதிரே ஒரு கல்யாணம் ஏழே விநாடியில் முடிந்துபோனது. விஜயவாடா காந்திநகரில், படக் கம்பெனி அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் தெருவில், இரண்டாம் மாடியில் இருந்தது அந்த இணைய டிவிடி கடை. கடை என்று பெயரே தவிர ஆள் ஏறி வருகிற கடை இல்லை. அமெரிக்காவில் இருக்கும் தெலுங்குக்காரர்கள் கணினியில் படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், இங்கிருந்து பார்சல் போகும். அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவன் முதல் நாள் விடிகாலை ஐந்தரைக்குக் கதவைத் தள்ளினான். உள்ளே இரண்டு டிவிகளில் இரண்டு படங்கள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் தாலி கட்டி, எல்லோரும் அழுது, வண்டியேறிப் போயே போய்விட்டார்கள்.

"உக்காருங்க தம்பி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வில்லன் வர்ற நேரம்" என்றாள் சுவர்ச்சலா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எழுதுகிறவனைப் பற்றி அது போதும்.

சுவர்ச்சலாவின் வேலையில் இரண்டு பாதிகள் இருந்தன. அமெரிக்காவில் ஜனங்கள் சாப்பிட்டுவிட்டு ஓய்வாக உட்காரும் நேரம் இங்கே விடிகாலை. அந்நேரம் தொலைபேசி அடித்தால் எடுத்து, பார்சல் எங்கே வருகிறது, படம் ஏன் ஓடவில்லை, எந்தப் பொத்தானை அமுக்கினால் பாட்டு மட்டும் வரும் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். அது ஒரு பாதி. அழைப்பு இல்லாத நேரமெல்லாம் டிவிடித் தட்டு பார்க்க வேண்டும். கடல் தாண்டிப் போன தட்டு பழுது என்று திரும்பினால் முதலாளிக்குத் தலைவலி. அதனால் கடைக்கு வந்து சேரும் ஒவ்வொரு தட்டையும் முதலிலிருந்து கடைசிவரை பதினாறு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பாள். படம் எங்காவது சில்லுசில்லாக உடைந்து நின்றால் அந்தத் தட்டு குப்பைக்கு. இரண்டரை மணி நேரப் படம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் ஓட்டினால் சத்தம் வராது.

இப்படி ஐந்து வருஷம். கடையில் இருந்த ஆயிரத்து முந்நூறு படங்களையும் சுவர்ச்சலா பார்த்திருந்தாள். ஒரு வசனம்கூடக் கேட்டதில்லை.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் கிருஷ்ணலங்காவில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் இருந்தாள். அங்கே நேர்மாறு. கண்ணாடிக் கதவுக்குள் நின்று பேசுகிறவர்களின் குரல் மட்டும் காதில் விழும். மறுமுனையில் யார், எப்படி இருப்பார்கள், ஒன்றும் தெரியாது. அவளுடைய புருஷனும் நாக்பூரிலிருந்து அந்த பூத்துக்குத்தான் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு வாரம் ஒன்றாகி, மாதம் ஒன்றாகி, நின்றது. பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்து பூத்தும் நின்றது. தங்கை வீட்டோடு வந்துவிட்ட சுவர்ச்சலா இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். "பாதி சினிமா அங்க கேட்டேன், மீதிப் பாதிய இங்க பாக்கறேன்" என்பாள்.

பார்த்துப் பார்த்து அவளுக்குக் கனவிலும் மனிதர்கள் ஓடத்தான் செய்தார்கள். விடிகாலை ஷேர் ஆட்டோவில் வரும்போது, கால்வாயில் கார்த்திகை மாதத்து விளக்குகள் வாழைமட்டையில் மிதந்து மெல்லப் போவதைப் பார்த்தால் மட்டும், உலகத்தை யாரோ நிதானமான வேகத்துக்குத் திருப்பிவிட்டது போல இருக்கும்.

2009 கார்த்திகையில்தான் அமெரிக்காவின் ஒமாஹாவிலிருந்து ஹைமாவதியின் அழைப்பு வந்தது. நாலு வருஷ வாடிக்கை. மாதம் பன்னிரண்டு படம் வாங்குகிறவள்.

"அக்கா, இந்த மாச டிவிடி எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்குவீங்களா? பிரிக்கவே இல்ல."

"எடுத்துக்கலாம்மா. என்னாச்சு, படம் சரியில்லையா?"

"படம் நல்லாத்தான் இருக்கு. அப்பாவுக்குக் காது போயிடுச்சு அக்கா."

அப்பா வீரராகவய்யா ரேபல்லே டெப்போவில் முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். மனைவி போனதும் மகள் தன்னோடு கூட்டிப்போனாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் வீட்டில் அவரும் டிவியும்தான். நாளைக்கு இரண்டு படம் பார்ப்பார். ஆறு மாதமாகக் கேட்பது குறைந்து, இப்போது ஒன்றுமே இல்லை. காதில் மாட்டும் கருவி வெறும் இரைச்சல்தான் தருகிறது. படத்தின் அடியில் ஓடுவது இங்கிலீஷ் எழுத்து. அவருக்கு அது தெரியாது. கொஞ்ச நாள் ஹைமாவதி பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் தெலுங்கில் எழுதிக் காட்டினாள். 'கதையப் படிக்கறதுன்னா புஸ்தகம் போதுமேம்மா, படம் எதுக்கு' என்று அவர் டிவியை அணைத்துவிட்டார்.

"இப்ப பனியையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. டிக்கெட் போடுங்கறாரு, ஊருக்குப் போறாராம். அங்க யாரு இருக்கா அக்கா? வீட்டைப் பூட்டி ஆறு வருஷமாச்சு. காது கேக்காத மனுஷன் அந்த வீட்டுல தனியா விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?" என்றாள் ஹைமாவதி. "பேச்சே இல்லாத தெலுங்குப் படம் ஏதாவது இருக்கா அக்கா?"

முதலாளி கோட்டேஸ்வர ராவிடம் சொன்னபோது பெசரட்டுத் தோசையைப் பிட்டுக்கொண்டே சிரித்தார். "நம்ம படத்துல பேச்சை எடுத்துட்டா மீசைதான்மா மிஞ்சும். காசைத் திருப்பிக் குடுத்து அனுப்பு."

பார்சல் கட்டும் பையன் மஸ்தான் வலிதான் யோசனை சொன்னான். "அடிதடிப் படமா அனுப்பு அக்கா. குத்துக்கு எதுக்குப் பாஷை? குத்தினா வலிக்கும், அவ்வளவுதானே!"

சரியென்றுதான் பட்டது. மூன்று அடிதடி, இரண்டு சிரிப்புப் படம் போயின. நவம்பர் நடுவில், தெலுங்குக் கார்த்திகை முடிகிற சமயம் ஹைமாவதி மறுபடி அழைத்தாள்.

"அப்பா பாத்தாரு அக்கா. பாதியில எந்திரிச்சுட்டாரு. 'எல்லாரும் அடிச்சுக்கறானுங்க, எதுக்குன்னுதான் தெரியல. என் பஸ்ஸுல ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிட்டவங்களுக்காவது காரணம் தெரியும்'ங்கறாரு."

சுவர்ச்சலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வார்த்தையில் அடங்கியது.

"டிக்கெட் போட்டாச்சு. ஜனவரி இருபது, சங்கராந்தி கழிச்சு. அவரே ஏஜென்டுகிட்ட சீட்டு எழுதி நீட்டி போட்டுக்கிட்டாரு."

அன்றைக்கு வேலை முடிந்து வந்து, மத்தியானம் தங்கை வீட்டுத் தரையில் கோங்கூராக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். பாதித் தூக்கம். ஜன்னல் வழியாக வெயில் கீரைக்கட்டின் மேல் விழுந்திருந்தது. கண்ணுக்குள் வழக்கம்போல மனிதர்கள் ஓடினார்கள்: குதிரையில், ரயில் கூரையில், சோளக்காட்டில், மழைக்கு நடுவே. ஐந்து வருஷத்துக் கூட்டமும் கிருஷ்ணா வெள்ளம் மாதிரி சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒருத்தி மட்டும் ஓடவில்லை. ஈர அடுப்பின் முன்னால் உட்கார்ந்து தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தாள். ஒன்று அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதைக் கிழிக்காமல் தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மழையையே பார்த்தாள்.

எந்தப் படம் இது? ஏன் இவள் மட்டும் மெதுவாக இருக்கிறாள்?

சுவர்ச்சலா விழித்துக்கொண்டாள். படம் மெதுவாக ஓடவில்லை. அவள்தான் மெதுவாக ஓட்டியிருக்கிறாள். அந்த இடம் வந்ததும் தட்டு பார்க்கிற வேலையை மறந்து சாதாரண வேகத்துக்குத் திருப்பி, ஆனால் டிவியின் சத்தத்தைக் கூட்டாமல், முழுசாகப் பார்த்திருக்கிறாள். அப்படி எப்போதாவது ஒரு நாள் நடக்கும். முதலாளி வரும் சத்தம் கேட்டதும் மறுபடி ஓட விடுவாள்.

அப்படி எங்கெங்கே நின்றோம்? கீரையை அப்படியே போட்டுவிட்டுத் தங்கை மகளின் நோட்டில் எழுத ஆரம்பித்தாள். படத்தின் பெயர்கள் வரவில்லை. 'தீக்குச்சிக்காரி', 'சைக்கிள் கத்துக்கிற மாமனார்', 'தூக்குச்சட்டி வைக்கிற பெரியவர்' என்றுதான் வந்தது. மூன்று நாள் யோசித்ததில் ஏழு தேறியது.

மறுநாள் கடையில் தட்டு அட்டைகளின் முகங்களைப் பார்த்துப் பெயர் சேர்த்து அவள் நீட்டிய பட்டியலைப் படித்துக் கோட்டேஸ்வர ராவ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடியம்மா! காந்திநகர்த் தியேட்டர்லயே ஏழு நாள் தாண்டாத படமா ஏழைப் பொறுக்கியிருக்கியே! இதெல்லாம் இன்னும் நம்மகிட்ட இருக்கா?"

"இருக்குங்க சார். யாரும் வாங்கலயே, எங்க போகும்?"

"இதுவும் திரும்பி வந்தா?"

"வராதுங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மஸ்தான் வலி பார்சலை ஒட்டும்போது, "அக்கா, இதுல உனக்கே கதை தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்."

"வசனம் கேக்காமயா?"

"ஒட்டுடா சீக்கிரம், கூரியர்காரன் போயிடுவான்."

பார்சல் போய்ச் சேர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். வீடுவீடாகப் பாடி அரிசி வாங்கும் ஹரிதாசு தெருவில் வரத் தொடங்கிவிட்டார், சங்கராந்தி கிட்டே வந்தது. ஒமாஹாவிலிருந்து பேச்சே இல்லை. டிசம்பர் கடைசியில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அந்த எண் வந்தது. எடுத்ததும் ஒரு ஆண் குரல் காதைப் பிளந்தது.

"ஹலோ! டிவிடி கடையா? ஏம்மா, நான் ரேபல்லே வீரராகவய்யா. நீ பேசுறது எனக்குக் கேக்காது, அதனால சும்மா கேட்டுக்க. நல்லதாப் போச்சு! முப்பத்தொரு வருஷம் பஸ்ஸுல என்னை ஒருத்தனும் முழுசாப் பேச விடல."

சுவர்ச்சலா பழக்கத்தில் "சொல்லுங்க" என்றாள். டிவியில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினாள். மஸ்தான் வலி ஒட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றான்; குரல் அவனுக்கே கேட்டது.

"அந்தத் தூக்குச்சட்டிப் படம் மூணு தடவை பாத்துட்டேன். தினம் விடியறதுக்கு முன்னால அந்தக் கிழவன் வர்றான், அந்தப் பொண்ணு வாசல்ல சட்டிய வைக்கறான், போயிடறான். அவ சாப்பிட்டாளா இல்லையான்னு புளியமரத்துக்குப் பின்னால நின்னு பாக்கறான். முகத்தைக் காட்ட மாட்டேங்கறான். எதுக்கு? பெத்தவன்தானே! சின்ன வயசுல விட்டுட்டுப் போயிருப்பான். இப்ப எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வந்து நிப்பான்? கடைசியில அவ கதவைத் தொறந்துடறா. அவன் ஓடல பாரு, நிக்கறான். அப்பன் இல்லாத வேற எவன் அப்படி நிப்பான்?"

சுவர்ச்சலா பார்த்ததும் இதேதான். அந்தப் பெரியவர் நின்ற நிலை, அந்தப் பெண் சட்டியை வாங்காமல் அவர் கையையே பார்த்தது, எல்லாம் இப்படித்தான். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவர் அவளுடைய படத்தைப் பார்த்துவிட்டு அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, அப்பாதான்" என்றாள்.

"நீ என்னமோ சொல்றே. சரி, சரி. இப்ப நான் சொல்ல வந்தது வேற. இருபதாம் தேதி டிக்கெட்டை வேண்டாம்னுட்டேன். ரேபல்லேல எனக்குன்னு ஒரு பூட்டுதான் தொங்குது, அதைப் போய் பாத்துட்டு உக்காந்திருக்கவா? இங்க இன்னும் அந்த சைக்கிள் மாமனார் பாக்கி இருக்கான். அதுக்கப்புறம் என்ன இருக்கு உங்கிட்ட? தேடி எடுத்து வை. அடுத்த சனிக்கிழமை கூப்பிடறேன். இந்தா, பொண்ணுகிட்ட பேசு."

போன் கைமாறியது. ஹைமாவதி குரலைத் தாழ்த்தினாள், அவருக்குக் கேட்காது என்பதையும் மறந்து.

"அக்கா, ஒரு விஷயம். நான் சத்தம் வெச்சுப் பாத்தேன். அந்தப் பெரியவரு அப்பா இல்ல. ஊர்க் கர்ணம், நிலக்கணக்கு பாக்கறவரு. அந்தக் குடும்பத்தோட நிலத்தை மோசடியா எழுதி வாங்கினவரு. மனசு உறுத்தித்தான் சாப்பாடு வைக்கறாரு. வசனத்துல தெளிவா வருது."

சுவர்ச்சலா நிறுத்திவைத்த திரையைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி பாதிச் சிரிப்பில் உறைந்திருந்தாள்.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சிலேட்டை எடுத்தேன். அவரு முகத்தைப் பாத்தேன். திருப்பி வெச்சுட்டேன்."

"சிலேட்டு அங்கயே இருக்கட்டும்மா" என்றாள் சுவர்ச்சலா.

போனை வைத்து அவள் விஷயத்தைச் சொன்னதும் மஸ்தான் வலி அலமாரிக்குப் போய் அந்தப் படத்தின் இன்னொரு தட்டைத் தேடி எடுத்துவந்தான். "அக்கா, சத்தம் வெச்சுப் போடட்டுமா? கர்ணம் என்னதான் பேசறான்னு பாத்துடுவோம்."

"வேண்டாம்."

"ஒரு வாட்டி அக்கா!"

"எனக்குத் தெரிஞ்சது போதும். நீ போய் டீ வாங்கிட்டு வா, அப்படியே அந்தக் கடைசி அலமாரிச் சாவியும். யாரும் வாங்காதது எல்லாம் அங்கதானே கிடக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் வீரராகவய்யா அழைத்தார். ஒரு படத்தை முழுசாகச் சொல்வார், அவள் கேட்டுக்கொள்வாள். நாற்பத்து மூன்று படங்கள் அப்படி அவருக்குப் போயின. ஹைமாவதி சொல்லக் கேட்டு வேறு சில வீடுகளிலிருந்தும் 'காது கேக்காதவங்களுக்கு' என்று கேட்டு வந்தார்கள். கோட்டேஸ்வர ராவ் அதற்கென்று இணையதளத்தில் ஒரு தனிப் பக்கமே வைக்கச் சொன்னார். 2014இல் தட்டு வாங்க ஆளில்லாமல் கடையை மூடினார்.

சுவர்ச்சலாவுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. லப்பிப்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் முன்பதிவு மேசையில் இருக்கிறாள். வேலை காலை எட்டிலிருந்து இரண்டு வரை. தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். வீரராகவய்யா ஒமாஹாவில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பத்தாறு நடக்கிறது.