கிணற்றடி இலைக்குவியல்

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு இலை என்பது பெரிய விஷயமே இல்லை. எங்கள் தெருவில் இருந்தது ஒரே ஒரு வேப்பமரம். அதன் சருகைக் கூட்டி ஒரு கைப்பிடியில் அள்ளிவிடலாம். கல்யாணமாகி, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டோரத்து வளவு ஒன்றில் குடிவந்த பிறகுதான் இலையைப் பார்த்து மிரண்டேன். ஐம்பதுகளின் கடைசியில் அது. நாலு வீடு, ஒரு கிணறு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம். முற்றத்தின் நடுவில் ஒரு வாதாமரம்.

ஆனி பிறந்ததும் மலை இடுக்கு வழியாக ஒரு காற்று வரும். காற்று என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆளைத் தள்ளும் என்று யாரும் சொல்லவில்லை. கூடவே சாரல். வாதாமரத்து இலை சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். அது நூற்றுக்கணக்கில் விழுந்து, நனைந்து, தரையோடு அப்பிக்கொள்ளும். வாரியல் என்று எங்கள் பக்கம் சொல்கிற குட்டை விளக்குமாற்றை வைத்துக் குனிந்து இழுத்தால் ஈர்க்கு இலைமேல் வழுக்கிக்கொண்டு போகும், இலை அசையாது. ஈரத்தில் கொளுத்தவும் முடியாது. முறைவைத்து நாலு வீட்டுப் பெண்களும் கூட்டுவோம். எனக்கு அப்போது மூன்று மாதக் கைப்பிள்ளை. என் முறை வருகிற நாளில் இடுப்பு விட்டுப்போகும்.

இப்படியே போனால் சரிப்படாது என்று ஒரு சாயங்காலம் முற்றத்தில் கூடிப் பேசினோம். வளவின் சொந்தக்காரி முதல் வீட்டில் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும், பிள்ளை இல்லை, புருஷன் போய் வெகுகாலம். அத்தை என்று கூப்பிடுவோம். சிரித்துப் பார்த்ததில்லை. இரண்டாவது வீட்டில் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும். சுரண்டைக்காரப் பெண், என் வயதுதான். நாலாவது வீட்டில் கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பி வந்த குடும்பம். அந்த அம்மாளை கொழும்பு அக்கா என்போம்.

வாத்தியார், குற்றாலத்து பங்களா ஒன்றில் தோட்டக்காரன் வைத்திருந்த இரும்பு வாரியைப் பற்றிச் சொன்னார். சீப்பு மாதிரி பல் வைத்து, நீளக் கம்பு போட்டது. மறுநாளே அதை இரவல் வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இழுத்துக் காட்டினார். ஒவ்வொரு பல்லிலும் நாலைந்து இலை குத்திக்கொண்டு நின்றது. ஒரு இழுப்புக்கு ஒரு தடவை உட்கார்ந்து அதைக் கையால் உருவ வேண்டியிருந்தது. முற்றத்து மண்ணில் வரிவரியாகக் கோடு விழுந்துவிட்டது.

அத்தை படியில் நின்று பார்த்தாள். "முற்றத்தை உழுதுட்டேரே வாத்தியாரே. என்ன விதைக்கப் போறேரு?"

வாரி அன்றைக்கே பங்களாவுக்குத் திரும்பிப் போனது.

கொழும்பு அக்கா ஒரு யோசனை சொன்னாள். "அங்கன எல்லா முற்றத்துலயும் நின்னுக்கிட்டுத்தான் தூப்பாவ. கெட்டி ஈர்க்கா எடுத்து நெருக்கிக் கட்டி, ஆள் உயரத்துக்கு மூங்கில் கம்பு செருகிருவாவ."

"குனியாம தூத்தா அது தூப்பா? வீட்டுல லெச்சுமி தங்குவாளா?" என்றாள் அத்தை.

"எங்க இடுப்பு தங்கணும்லா அத்தை?" என்றாள் அக்கா.

நாங்கள் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. கடைசியில், வீட்டு வாசலுக்குக் குட்டை வாரியல், கிணற்றடிக்கும் மரத்தடிக்கும் வேண்டுமானால் நீளக் கம்பு என்று ஒத்துக்கொண்டாள். அக்காவே இரண்டு கட்டினாள். அள்ளிப்போக வீட்டுக்கு ஒரு பனையோலைக் கடகம் வாங்கினோம். நெருக்கிக் கட்டிய ஈர்க்கு, நனைந்த இலையைப் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டு வந்தது. வேலை பாதியாகிவிட்டது. அத்தை மட்டும் பார்க்காதவள் போல் இருந்தாள்.

கூட்டிய இலையை எல்லாம் கிணற்றுக்குப் பின்னால் எருவுக்குக் குவிக்கச் சொல்லியிருந்தாள் அத்தை. ஆடி நடுவில் அது இடுப்பளவு வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் சாரல் விட்டு லேசாக வெயில் அடித்தது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். குவியலைப் பின்பக்கத்து வாழைகளுக்கு மாற்றிவிடலாம் என்றாள் அத்தை. அக்கா நீள வாரியலால் சரித்துக் கொடுக்க, நான் இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக் கடகத்தில் போட, வாத்தியார் மனைவி தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டினாள். உள்ளே அடுக்கு அடுக்காக இலை மக்கிச் சூடாக இருந்தது. சாரல் குளிருக்கு அந்தச் சூடு சுகமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பாதிக்கு மேல் முடிந்திருக்கும். வாத்தியார் மனைவி நிறைந்த கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் அடுத்த அள்ளலை நெஞ்சோடு அணைத்து நிமிர்ந்தேன். சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். நிற்கவில்லை, நீண்டுகொண்டே போனது. அக்காவின் கையிலிருந்த மூங்கிலில் 'டொக்' என்று எதுவோ அடித்தது.

"தங்கச்சி," என்றாள் அக்கா. குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "அப்படியே பின்னால வா. காலைத் தூக்காம வா."

அப்போதுதான் பார்த்தேன். நான் கை வைத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கண்ணாடிவிரியன். என் முழங்கைத் தடிமன். முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள். மறுபடியும் அது மூங்கிலைத்தான் அடித்தது. அக்கா கம்பை விடவில்லை, அசைக்கவும் இல்லை. பாம்பு அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்க நான் பின்வாங்கினேன். எத்தனை எட்டு என்று தெரியாது. முதுகு கிணற்றுச் சுவரில் முட்டியபோதுதான், இலையை இன்னும் அணைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதே தெரிந்தது. கையை விட்டேன். இலைகள் விழுந்தன. அவற்றோடு சாண் நீளத்தில் ஒன்று விழுந்து, நெளிந்து, தலையைத் தூக்கியது. அதே வட்டங்கள், பொடிப்பொடியாக.

என் நெஞ்சில் இருந்திருக்கிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நெஞ்சு.

அத்தைதான் படியிலிருந்து இறங்கி வந்தாள். பெரியதைப் பார்த்தாள், என் காலடியில் கிடந்ததைப் பார்த்தாள். கையிலிருந்த குட்டை வாரியலின் அடிப்பக்கத்தால் சின்னதை ஒரே அடியில் நசுக்கினாள். பிறகு, "விரியன் குட்டி போடும். ஒண்ணு ரெண்டு இல்லை," என்றாள். சொல்லிக்கொண்டே வாழைப் பக்கம் திரும்பினாள்.

வாத்தியார் மனைவி கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பாதி வழியில் நின்றிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறாள். நான் அள்ளிப் போட்ட இலை அது.

"என்ன அத்தை?" என்றாள்.

"ஒண்ணுமில்லட்டி. குனியாத. கையை எடுத்துராத. அப்படியே நில்லு, நான் வாரேன்."

அத்தை அவசரப்படாமல் நடந்தாள். அவள் முன்னால் நின்று, "கண்ணை மூடிக்கோ," என்றாள். இரண்டு கையாலும் கடகத்தை நேர் மேலாகத் தூக்கினாள். ஓலை விளிம்பைத் தாண்டி ஒரு வால் தொங்குவதை நான் கிணற்றடியிலிருந்து பார்த்தேன். அத்தையின் விரலுக்கும் அதற்கும் இடையில் இடமே இல்லை. தூக்கின கையோடு சுவருக்கு அப்பால் வீசிவிட்டாள். பிறகு அந்தப் பெண்ணின் கொண்டையை அவிழ்த்து, முடியை விரலால் கோதிக் கோதிப் பார்த்தாள். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு அவளை அணைத்துக்கொண்டாள். அத்தை யாரையாவது தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரியது கிணற்றுக் கல்லிடுக்கில் போய்விட்டது. ரோட்டில் போன ஆட்களைக் கூப்பிட்டுத் தேடினோம். குட்டிகளில் சிலவற்றை அடித்தார்கள். தாய் கிடைக்கவில்லை. கல்லிடுக்கைச் சாந்து வைத்துப் பூசினார்கள். நான் வீட்டுக்குள் போய்த் தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கவில்லை. புடவையை மாற்றி, குளித்து, மறுபடியும் குளித்து, அது அழுத பிறகுதான் தூக்கினேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கோடாலிச் சத்தம் கேட்டது. வெளியே வந்தால் இரண்டு ஆட்கள் வாதாமரத்தின் அடியைப் பாதி வரை வெட்டியிருந்தார்கள். அந்த மரம் அத்தையின் உயிர். விழுகிற கொட்டையைச் சாயங்காலம் கல்லில் வைத்து உடைத்து, பருப்பை அவள் ஒருத்தியாகத் தின்பாள். யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

"அத்தை, எதுக்கு? நாங்கதான் தூத்துக்கிட்டு இருக்கோமே," என்றேன்.

அவள் மரத்தைப் பார்த்தபடியே பேசினாள். "எதை வச்சுத் தூத்தா என்ன? இலை விழும். விழுந்தா குமிக்கணும். குமிச்சா அது வரும். வீட்டுல ரெண்டு பிள்ளை இருக்கு. ஒண்ணு உன்னது, ஒண்ணு வாத்தியார் பொண்டாட்டி வயித்துல இருக்கது. அவ உங்கிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. கொழும்பு அக்காவுக்கும் தெரியாது.

மத்தியானத்துக்குள் மரம் சாய்ந்தது. அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. மரம் போனதும் காற்றுக்குத் தடை இல்லாமல் போய்விட்டது. அந்த ஆடியிலேயே எங்கள் கூரையில் ஒரு வரிசை ஓடு பறந்தது. அத்தையே ஆள் வைத்து மாற்றிக் கொடுத்தாள்.

வாத்தியார் மனைவி அந்த வாரமே அம்மா வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. வாத்தியார் கேட்டு வாங்கி அந்தப் பக்கமே மாற்றலாகிப் போய்விட்டார். சில வருஷம் கழித்து சுரண்டை பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கூட ஒரு பெண்பிள்ளை, துறுதுறுவென்று. பிள்ளைகளைப் பற்றி, விலைவாசியைப் பற்றி எல்லாம் பேசினோம். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆனால் நின்று பேசின அவ்வளவு நேரமும் அவள் வலது கை அடிக்கடி உச்சந்தலைக்குப் போய், மெல்லத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அவளுக்கு அது தெரியவே இல்லை.