மழையில் ஓரங்கட்டிய ஏசுதாஸும் சில புது டயர்களும்

புது டயர் எப்படி இருக்கிறது என்று டிரைவரிடம் கேட்பது, பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்பது மாதிரி. கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார்கள். அந்த வேலையைத்தான் நான் ஒரு கோடையில் தொடங்கி மழைக்காலம் முடியும் வரை பார்த்தேன். "ஒரு நிமிஷம் சார், ஒரே ஒரு கேள்வி" என்று யார் வாசலிலாவது நின்று பிழைத்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

ஒரு டயர் கம்பெனி, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே டயர் என்று 'ஆல் சீசன்' டயர் கொண்டு வந்திருந்தது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிற சிலருக்கு நாலு சக்கரத்துக்கும் இலவசமாக மாட்டிவிட்டார்கள். பதிலுக்கு, மாதம் ஒருமுறை நான் போகும்போது என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மீஞ்சூரிலிருந்து ரயிலேறிக் கிளம்பிவிடுவேன். இப்போது அம்பத்தூரில் ஏசி அறையில் இருக்கிறேன். டிரைவர்களின் போனுக்கு ஒரு லிங்க் போகிறது, அவர்கள் நட்சத்திரம் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். யார் முகமும் தெரிவதில்லை. வெளியே மழை பெய்தால் எனக்கு அந்தக் கார்கள் ஞாபகத்துக்கு வந்துவிடும், அன்றைக்கு வேலை ஓடாது.

எந்த சீசன்?

ஊத்துக்கோட்டை நாயுடு எங்கள் டிரைவர்களில் மூத்தவர். டயர் மாட்டிய அன்றைக்கே, "ஆல் சீசன்னா எந்தெந்த சீசனும்மா?" என்று கேட்டார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி வெயில், மழை, குளிர் என்று அடுக்கினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இங்க ஏதும்மா குளிரு? மார்கழில நாலு நாளு மப்ளர் கட்டிக்கினு திரியறோம், அவ்ளோதான். எங்களுக்கு சீசன்னா மாலை போட்டுக்கினு மலைக்குப் போறது ஒண்ணு, கல்யாணம் ஒண்ணு, ரெண்டும் இல்லாம ஈ ஓட்டற ஆடி மாசம் ஒண்ணு. ஆடிக்கு ஏதாச்சும் பண்ணுமா இந்த டயரு?"

ஸ்டெல்லா தாண்டிப் போகும் கார்

டயர் மாட்டும் நாளில் மற்றவர்கள் எல்லாம், நிஜமாகவே இலவசமா, பிறகு பிடுங்கிக்கொள்வீர்களா என்றுதான் கேட்டார்கள். ஏசுதாஸ் மட்டும், "தண்ணி நிக்கிற ரோட்ல வழுக்காதா மேடம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஒரு காலனி அவர் ஊர். அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அண்ணன்மார் இருவரும் இரும்புக் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். இவர் ஒருவர்தான் கடன் வாங்கிக் கார் எடுத்தார்.

முந்தின வருஷ மழையில் தேய்ந்த டயரோடு போய், கார் வழுக்கி, சாலையின் நடுச் சுவரில் இடித்துவிட்டது. முன் சீட்டில் இருந்த மனைவி ஸ்டெல்லாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அதன் பிறகு ஸ்டெல்லா அந்தக் காரில் ஏறவே இல்லை. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை, தினமும் ஷேர் ஆட்டோவில் போய் வந்தார். ஏசுதாஸோ, கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிடுவார். அதனாலேயே பல சவாரி கை நழுவிப் போனது. புது டயர் வந்தால் ஸ்டெல்லா ஏறுவார் என்று நம்பித்தான் எங்களிடம் வந்திருந்தார். ரொம்பத் திட்டினாரா என்று கேட்டேன்.

"திட்டியிருந்தாக்கூட பரவால்ல மேடம். ஒரு வார்த்த சொல்லல. வண்டி வாசல்லதான் நிக்கும், அதைத் தாண்டிக்கினு போயி ஆட்டோவுக்கு நிப்பா."

டயருக்கு முடி

புது டயரின் மேலே மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். நாலு நாள் ஓட்டினால் தேய்ந்து போய்விடும். அடுத்த மாதம் நாயுடுவின் வீட்டுக்குப் போனால், கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நாலு சக்கரத்துக்கும் கோணிப்பை போர்த்தியிருக்கிறது. விலக்கிப் பார்த்தேன், ஒரு முடிகூட உதிரவில்லை. வந்த சவாரியை எல்லாம் மச்சினர் காருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். சொந்த மனைவியைக் கோயிலுக்கு பஸ்ஸில் அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா உள்ளேயிருந்து என்னைப் பார்த்த பார்வையில், இந்தக் கஷ்டத்துக்கெல்லாம் நான்தான் காரணம் என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஓட்டினால்தானே சொல்ல முடியும் என்று கெஞ்சினேன். அவர் அந்த முடிகளை ஆசையாகத் தடவிக்கொடுத்தார்.

"ஓட்றதுக்கு இன்னாம்மா, எப்ப வேணா ஓட்லாம். முடி போச்சுன்னா, நாளைக்கு இது புது டயருன்னு சொன்னா எவன் நம்புவான்?"

நசுங்காத எலுமிச்சம்பழம்

பொதட்டூர்பேட்டை பழனி தங்கமான மனிதர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற ஒரே டிரைவர் என்று அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. பின்பக்கம் இடது சக்கரத்தில் ஊய் என்று சத்தம் வருகிறது என்றார். நானும் கேட்டேன், வந்தது. எழுதி அனுப்பினேன். அடுத்த மாதமும் வந்தது, அதையும் அனுப்பினேன். கம்பெனியில் பரபரப்பாகி, ஓர் இன்ஜினியரை அனுப்பிவிட்டார்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னை முறைத்தார். அந்த ஒரு சக்கரத்தில் இருந்தது மொட்டையாய்த் தேய்ந்த பழைய டயர்.

விஷயம் இதுதான். புது டயருக்குப் பூஜை போட்டு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியபோது, மூன்று நசுங்கியிருக்கின்றன. பின் இடது சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. பழனிக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் புது டயரைக் கழற்றி டிக்கியில் ஸ்டெப்னியாகப் போட்டுவிட்டு, பழைய ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று நான் கிட்டத்தட்ட அழுதேன். பழனி கொஞ்சமும் பதறவில்லை.

"பின்னாடி சக்கரத்துல சத்தம் வருதுன்னுதான் மேடம் சொன்னேன். புது டயர்ல வருதுன்னு நான் சொல்லவே இல்லியே."

சத்தமில்லாத டயர்

அதற்கடுத்த மாதம் போனபோது, நாயுடு ஒருவழியாகக் காரை ஓட்டத் தொடங்கியிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, டயர் சத்தமே போடவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நாயுடு முகத்தில் களையில்லை. இந்த மாதத்தில் மெக்கானிக்கிடம் போவதும் வருவதுமாக இருந்தாராம். முதலில் கதவு கடகடத்ததாம், பிறகு டேஷ்போர்டு, அப்புறம் சீட்டுக்கடியில் என்னவோ கிறீச்சிட்டதாம். ஒரே பேஜாரு என்றார். டயரால் ஏதாவது கோளாறா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"டயரு ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா. பழைய டயரு சத்தம் போட்டுக்கினு இருந்த வரைக்கும், வண்டி இன்னா லட்சணத்துல இருக்குதுன்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு."

ஓரங்கட்டல்

ஐப்பசி பிறந்தது, மழை வந்தது. எல்லோரிடமும் மழைக்கால ரிப்போர்ட் வாங்கிவிட்டேன், ஏசுதாஸிடம் மட்டும் முடியவில்லை. அதற்காகவே மாதத்தில் நாலைந்து முறை போனேன். நான் ஏறி உட்காருவேன், தூறல் விழும், வண்டி ஓரமாக நிற்கும். வைப்பர் மட்டும் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் மசால்வடை வாங்கி வந்து சாப்பிட்டுக்கொண்டே மழையைப் பார்த்தோம். அந்த மாதிரி உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடலாம்.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "மழையில ஓட்டாத ஆளுக்கு எதுக்கு அந்த டயர்? இந்த மாசம் ரிப்போர்ட் வரலைன்னா கழட்டி வேற ஆளுக்கு மாட்டிடு" என்று போனில் சொல்லிவிட்டார். தயங்கித் தயங்கி ஏசுதாஸிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கழட்டிக்கோங்க மேடம். டயரு வழுக்காதுன்னு எனக்குத் தெரியும். என்னைத்தான் என்னால நம்ப முடியல."

மழையில் ஒரு சவாரி

அந்த மாதக் கடைசியில் இன்னொரு முறை போனேன். ரிப்போர்ட்டுக்காக இல்லை, டயரைக் கழற்ற ஆள் வரும் நாளை நேரில் சொல்லத்தான். ஏசுதாஸ் காரை ஸ்டெல்லாவின் கம்பெனி வாசலில் நிறுத்தியிருந்தார். சவாரி இல்லாத நாளெல்லாம் ஷிப்ட் விடும் நேரத்துக்கு அங்கேதான் நிற்பாராம். ஸ்டெல்லா வெளியே வந்து, பார்த்தும் பார்க்காத மாதிரி ஆட்டோவுக்குப் போய்விடுவாராம். அன்றைக்கும் மழைக்கு முன்பே வந்து நின்றுவிட்டார், நான் போய் முன் சீட்டில் உட்கார்ந்ததிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. சாலையெல்லாம் தண்ணீர். ஷேர் ஆட்டோ ஒன்றுகூட வரவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொருவராக யார் யாரோ பைக்கில் தொற்றிக்கொண்டு போய்விட, கடைசியில் கேட் கூரைக்கடியில் ஸ்டெல்லா மட்டும் நின்றார்.

ரொம்ப நேரம் நின்றுவிட்டு, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்தார். பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். "ஆட்டோ ஒண்ணும் காணோம்" என்று என்னிடம் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை. ஏசுதாஸ் என்னைப் பார்த்தார். நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். மாட்டுவண்டிகூட எங்களை முந்தியிருக்கும், அவ்வளவு மெதுவாகப் போனோம். ஒரு லாரி பக்கத்தில் வந்து, குளத்தை வாரி அடித்த மாதிரி கண்ணாடி முழுக்கத் தண்ணீரை வீசிவிட்டுப் போனது. ஒன்றும் தெரியவில்லை. ஏசுதாஸ் பிரேக்கை அழுத்தினார். கார் அங்கே இங்கே போகாமல், நேராக, அப்படியே நின்றது.

ஏசுதாஸ் மறுபடி கிளப்பினார். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கண்ணாடியில் மூக்கு உரசும்படி குனிந்து அவர் ஓட்டியது பின்னாலிருந்த ஸ்டெல்லாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "நிறுத்து" என்றார் திடீரென்று. ஏசுதாஸுக்கு முகம் செத்துவிட்டது. ஓரங்கட்டினார். இறங்கி நடந்தே போகப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்டெல்லா கொட்டுகிற மழையில் இறங்கினார், சுற்றிக்கொண்டு வந்தார், என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"பின்னாடி போய் குந்துங்க மேடம். அது என் சீட்டு."

தொப்பலாக நனைந்து, சந்தோஷமாகப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அன்றைக்கே 'மழையில் பிடிமானம் பிரமாதம்' என்று ரிப்போர்ட் அனுப்பி ஏசுதாஸின் டயரைக் காப்பாற்றினேன். டயரைப் பற்றி அத்தனை பேரைக் கேட்டும், டயரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கடைசி வரை அந்த மூன்றே வார்த்தைதான்.