முப்பது ரூபாய்ச் சேவல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வேதக்கோயிலின் வரவு செலவையும் நான்தான் பார்த்து வந்தேன். அதனால் என்னைக் காசு விஷயத்தில் கெட்டிக்காரன் என்று சபையார் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். யுத்தத்தில் என் தங்கையின் புருஷன் பட்டாளத்திலேயே இறந்துபோனபோது, சர்க்கார் கொடுத்த அறுநூறு ரூபாயை அவள் நேரே என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

"நீங்களே வச்சிருங்கண்ணே. புள்ள நர்சு படிக்கப் போறப்ப வாங்கிக்கிடுதேன்" என்றாள்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த காய்கறி, கோழிகளை வழக்கம்போல ஏலம் விட்டோம். ஆண்டவருக்குப் போகிற பணம் என்பதால் அங்கே யாரும் சந்தை விலை பார்ப்பதில்லை. ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் ஒரு சேவலை முப்பது ரூபாய்க்கு எடுத்தார். கூட்டம் கைதட்டியது. அவரோ சேவலை என் கையில் கொடுத்து, "அண்ணாச்சி வீட்டுல கொழம்பு வைங்க" என்றார். அதுவரை பணக்காரர் எவரும் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவாரமே வீட்டுக்கு வந்தார்.

"பஞ்சு வெல ஏறுது அண்ணாச்சி. ஒரு அறுநூறு இருந்தாப் போதும். தையில வட்டியோட குடுத்துருதேன்."

போன வருஷம் அவர் ஏலம் எடுத்த ஆட்டுக்கிடாய்க்கே இன்னும் பணம் வரவில்லை. அதைக் கணக்கில் பாக்கி என்று எழுதியவனே நான்தான். கோயில் பாக்கி வேறு, கைமாற்று வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முப்பது ரூபாய்க்குச் சேவல் எடுக்கிறவருக்கு அறுநூறு எம்மாத்திரம்? அந்த முப்பதும்தான் வரவில்லை. குழம்பு மட்டும் ருசியாக இருந்தது. தங்கையிடம் கேட்டிருந்தால் "உங்க இஷ்டம்ணே" என்றிருப்பாள். அதையே சாக்காக வைத்து, கேட்காமலே எடுத்துக் கொடுத்தேன்.

தை போய் மாசியும் போனது. பஸ் பிடித்து ராஜபாளையம் போனேன். அவருடைய பஞ்சுக் கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. என்னைப் போல நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள்.

"அவிய ஊரவிட்டே போயிட்டாவ" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

திரும்பிவந்து தங்கையிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "உங்க துட்டும் போச்சாண்ணே?" என்று கேட்டாள்.

என் சேமிப்பு எண்ணூறு ரூபாய் தபாலாபீசில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து ஒரு சல்லிகூட அந்த மனுஷனுக்குக் கொடுக்க எனக்குத் தோன்றியதில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பாவம்ணே நீங்க. புள்ளகுட்டிக்காரரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அன்றைக்கே என் பணத்தை எடுத்து அவளிடம் கொடுத்திருக்கலாம். நர்சு படிக்க வேண்டிய பிள்ளை ராஜபாளையத்துப் பஞ்சாலைக்குக் கூலி வேலைக்குப் போன அன்றாவது கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை.