வல்லி அக்காவின் வெள்ளிக்கிழமை இஞ்சின்

வல்லி அக்காவின் மகள் மலர் போன் செய்தபோது நான் அலுவலகத்துக்குள் நுழைந்து, நனைந்த குடையை மூலையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் குரலைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. “அத்தானா?” என்று கேட்டேன். “இல்ல ஆன்ட்டி, மம்மி” என்றாள்.

அன்று, நாங்கள் குடியிருக்கும் மராத்தி ஊரான தேஹு ரோட்டில் செய்தி கேட்ட எல்லோரும் அப்படித்தான் கேட்டார்களாம். மலரின் அப்பா முத்தையா அத்தானுக்குப் பல வருடங்களாக நுரையீரல் நோய். மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாகத்தான் அவரை நாங்கள் பார்த்துப் பழகியிருந்தோம். என்றாவது ஒருநாள் அவரைப் பற்றித்தான் செய்தி வரும் என்று மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தோம். சொல்லக் கொடுமையாக இருந்தாலும் உண்மை அதுதான். ஆனால் காலையில் வாசல் தெளித்துவிட்டு, காபியை ஆற்றியபடி நாற்காலியில் உட்கார்ந்தவர் வல்லி அக்கா. எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

செண்பகவல்லி என்பது அவர்கள் முழுப்பெயர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ராணுவக் கிடங்கு ஒன்றின் கணக்குப் பிரிவில் எனக்கு எதிர் மேஜையில் இருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, “ஏட்டி, இத வச்சு சாயங்காலம் வரை எப்படி தாங்குவ?” என்று தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்துப் போட்டவர்கள். கேட்காமலே கொடுப்பார்கள், கேட்காமலே திட்டவும் செய்வார்கள். மூக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும். நான் அவர்களை அக்கா என்றதால் அவர்கள் கணவர் எனக்கு அத்தான் ஆனார்.

அத்தானுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் சொன்ன வருடம்தான் அந்த இஞ்சின் வந்தது. ஆக்சிஜன் மெஷின் கரண்ட்டில் ஓடுவது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் இருப்பதும் இல்லாததும் அதன் இஷ்டம். அவசரத்துக்குச் சின்ன சிலிண்டர் ஒன்று உண்டு, அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஆகவே தீபாவளி முடிந்ததும், பந்தல் போடும் ஒருவரிடமிருந்து பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை அக்கா வாங்கினார்கள். ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாக ஓடியது. பெட்ரோலை அப்படியே டேங்கில் விட்டு, தார்ப்பாயைப் போட்டு மூடி, பின்கட்டில் வைத்துவிட்டார்கள். புதுக் குழந்தையைப் போர்த்துவது போலப் போர்த்தி வைத்திருந்தார்கள்.

ஜூன் மாதம் முதல் பெருமழையில் கரண்ட் போனது. “லைட் கேலி!”, கரண்ட் போச்சு, என்று பக்கத்து வீடுகளில் மராத்தியில் சத்தம் கேட்கும்போதே அக்கா பின்கட்டுக்கு ஓடினார்கள். கயிற்றை இழுத்தார்கள். இஞ்சின் இருமக்கூட இல்லை. மறுபடி மறுபடி இழுத்துக் கை தோல் உரிந்ததுதான் மிச்சம். சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அத்தானையும் சிலிண்டரையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி, இடுப்பளவு தண்ணீர் நின்ற பாலத்தடியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சேர்த்தபோது அவர் உதடு நீலமாகியிருந்தது. பிழைத்தார்.

மறுநாள் அக்கா இஞ்சினைப் போபோடியில் ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கார்புரேட்டரைக் கழற்றி, “பெட்ரோல் சட் கயா, தீதி” என்றாராம். பெட்ரோல் கெட்டுப்போய்விட்டது. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பாகு மாதிரி காய்ந்து, இஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் ஊசித் துளையை அடைத்திருந்தது. கையில் கட்டோடு அலுவலகம் வந்த அக்கா என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னார்கள். “ஒரு முடி நுழையாத ஓட்டைட்டி. அதுலதான் எங்க வீட்டுக்காரரு உயிரு நின்னுச்சு.” சொல்லிவிட்டு அழுதார்கள். அவர்கள் அழுது அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகள் மாறிவிட்டன. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், விளக்கேற்றிவிட்டு, அக்கா நேரே பின்கட்டுக்குப் போவார்கள். இஞ்சினைத் தகரக் கூரைக்கு அடியில், ஜன்னலிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள். எண்ணெய் அளவைப் பார்ப்பார்கள். சோக்கைத் தள்ளிக் கயிற்றை இழுப்பார்கள். சும்மா ஓடவிடாமல் ஆக்சிஜன் மெஷினை அதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். “வெறும் வயித்தோட ஓடுனா என்ன தெரியும்? சுமை ஏத்துனாத்தான் தெரியும்” என்பார்கள். பிறகு பெட்ரோல் குழாயின் வால்வை மூடிவிட்டு, இஞ்சின் உள்ளே இருப்பதைக் குடித்துத் தானாக நிற்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்கள். நின்றதும் கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, மிச்சச் சொட்டுகளையும் வடித்துவிடுவார்கள். இரும்புக் கேனில் இருக்கும் பெட்ரோல் பழசாகும் முன்னால் தன் ஸ்கூட்டரில் ஊற்றிவிட்டுப் புதுசு வாங்கி வைப்பார்கள். இப்போது வருகிற பெட்ரோல் ஈரத்தை இழுக்கிறது, நாளாகவிட்டால் அடியில் தண்ணீர் நிற்கிறது என்று பெட்ரோல் பங்க்கில் நிற்பவரிடமே வாதாடுவார்கள்.

நான் கேலி செய்யாமல் இருப்பேனா? “வரலட்சுமி நோன்புகூட இவ்வளவு ஆசாரமா இருக்காதுக்கா” என்பேன். “சிரி, நல்லா சிரி. வெள்ளிக்கிழமன்னா எனக்கு மறக்காதுல்லா, அதான்” என்பார்கள். சத்தம் தாங்கவில்லை என்று முதலில் சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டு மராத்திக்காரர், பிறகு அந்தச் சத்தத்தை வைத்துத்தான் டீ போடச் சொல்வாராம். ஒரு மழைநாளில் அவர் நல்லெண்ணத்தில், “நனைகிறதே, சமையலறைக்குள் இழுத்து வைத்து ஓட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். புகை ஆளைக் கொன்றுவிடும் என்பதை இந்தியிலும் மராத்தியிலும் கலந்து அவர் தலை தெறிக்க ஓடும்வரை விளக்கினார்கள்.

ஒரு ஆயுத பூஜையை என்னால் மறக்க முடியாது. “என் உயிரைக் காக்கிற சாமி, நான்தான் பொட்டு வைப்பேன்” என்று அத்தான் அடம்பிடித்து, குழாயை இழுத்துக்கொண்டு போய், பெட்ரோல் டேங்க் மூடியின் நட்ட நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். சில நாள் கழித்து ஒரு மதியம் நான் போயிருந்தபோது கரண்ட் போனது. இஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்சம் ஓடியது, திணறியது, நின்றது. மறுபடி இழுத்தால் மறுபடி அதே கதை. அக்கா ஸ்பார்க் பிளக்கைப் பார்த்தார்கள், பெட்ரோல் வால்வைப் பார்த்தார்கள், பிறகு டேங்க் மூடியைத் திறந்தார்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அந்த மூடியின் நடுவில் காற்று போக ஒரு பொடி ஓட்டை உண்டு. அத்தானின் சந்தனம் அதை அடைத்துவிட்டிருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது.

அத்தான் குற்றவாளி மாதிரி தலையைத் தொங்கப்போட்டார். அக்கா ஊக்கால் சந்தனத்தைக் குத்தி எடுத்துக்கொண்டே, “கும்பிட்டது தப்பில்ல. அதுவும் மூச்சு விடணும்லா?” என்றார்கள். அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்க வைக்காத வல்லி, மூச்சு இழுக்கு” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதெல்லாம் சும்மா நடக்கவில்லை. அக்கா ஊருக்குப் போயே வருடங்கள் ஆகிவிட்டன. தங்கை வீட்டுப் பால் காய்ச்சுக்குப் போகவில்லை, தம்பி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “அத்தானை ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போய்ட்டு வாங்கக்கா, உங்களுக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா?” என்று ஒருநாள் கேட்டேன். அவர்கள் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. “அவரு மூச்சு சத்தம் கேக்கலன்னா எனக்கு உறக்கம் வராதுட்டி. அங்க போயும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடப்பேன்” என்றார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவர்கள் தம்பி ஊரிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தார், அவர் வரச் சாயங்காலம் ஆகும். பெட்டியின் தலைமாட்டில் அத்தான், அவர் காலடியில் ஆக்சிஜன் மெஷின். ஐஸ் பெட்டி, மெஷின் இரண்டும் கரண்ட்டில் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே விடாத மழை. மதியம் கரண்ட் போய் எல்லாம் ஒரேயடியாக நின்றது. மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது, சரிசெய்ய எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது என்றார்கள்.

மலர்தான் அப்பாவின் குழாயைச் சிலிண்டரில் மாட்டிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். சாங்வியில் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். அழுதழுது வீங்கிய முகத்தோடு கயிற்றை இழுத்தாள். இஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் வாய்விட்டு அழுதோம்.

ஆனால் அது சின்ன இஞ்சின். ஐஸ் பெட்டியையும் ஆக்சிஜன் மெஷினையும் சேர்த்து இழுக்காது. மலர் வயரைக் கொண்டுவந்தபோது அத்தான் எழுந்து, ஐஸ் பெட்டியின் பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அம்மாவுக்குப் போடும்மா. எனக்கு சிலிண்டர் இருக்கு.”

“சிலிண்டர் சாயங்காலம் வரை வராது, அப்பா.”

“வர்ற வரைக்கும் வரட்டும். நேத்து வரை எனக்குத்தான ஓடுச்சு. இன்னைக்கு ஒரு நாளாவது அவளுக்கு ஓடட்டும்.”

எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. மலருக்குத் தமிழ் தட்டித் தடுமாறித்தான் வரும். அன்றும் அப்படித்தான் பேசினாள். “அப்பா, ஜித் பண்ணாதீங்க. மம்மி இத ஃப்ரீசருக்கு வைக்கல. உங்களுக்கு வச்சாங்க. நீங்க இப்ப வேணாம்னு சொன்னா, மம்மி பண்ணது எல்லாம் பேக்கார் ஆயிடும்.” ஜித் என்றால் பிடிவாதம், பேக்கார் என்றால் வீண். சொல்லிவிட்டு, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பிளக்கை வாங்கிக் கீழே வைத்தாள். ஆக்சிஜன் மெஷினை வயரில் மாட்டினாள். அத்தான் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு மராத்திக்காரர் மழையில் ஓடிப்போய் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் கட்டிகளை மூட்டையாகக் கொண்டுவந்து பெட்டிக்குள் அடுக்கினார்.

தம்பி வந்து சேர்ந்ததும் எடுத்தார்கள். கரண்ட் இன்னும் வரவில்லை, பின்கட்டில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தானால் மயானத்துக்குப் போக முடியாது. நான் அவருக்குத் துணையாக நின்றேன். வாய்க்கரிசி போட்டுவிட்டு, பாடையின் விளிம்பைப் பிடித்தபடி அவர் நடந்தார். கூடத்தைத் தாண்டினார், நிலையைத் தாண்டினார், முதல் படியில் இறங்கினார். அங்கே மூக்குக் குழாய் விறைத்து நின்றது. அதற்குமேல் அது எட்டவில்லை. சுமந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாமாகவே நின்றார்கள். குழாயைக் கழற்றிவிடுவாரோ என்று நான் பயந்து அவர் தோளைப் பிடித்தேன். அவர் கழற்றவில்லை. அழவுமில்லை. அழுதால் மூச்சு போதாது என்று அவருக்குத் தெரியும். பாடையிலிருந்து கையை எடுத்து, “கூட்டிட்டுப் போங்கப்பா” என்றார்.

தெருமுனை திரும்பும்வரை அந்தப் படியிலேயே நின்றார். மழைச் சத்தத்துக்கு நடுவிலும் அவர் மூச்சு ஏறி இறங்குவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

நிம்மதியாகத் தூங்குங்கள், அக்கா. நீங்கள் கேட்கவேண்டிய சத்தம் வீட்டில் இருக்கிறது.