அம்மாவின் மருந்துத் தாள்

என் கணினியில் தமிழ் முத்துமுத்தாகத்தான் தெரிந்தது. அதை நம்பித்தான் எல்லாப் பிழையும் விட்டேன்.

பம்பலப்பிட்டியில், மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய அலுவலகத்தில் எனக்கு வேலை. மருந்தோடு கொடுக்கும் தாளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் எதிலும் அச்சிடலாம் என்பது எங்கள் புதிய பதிப்பின் பெருமை. அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே தமிழைச் சோதிப்பது என்றால், மனேஜர் என் மேசைக்கு வந்து திரையை எட்டிப் பார்த்து, "நங்கி, தெமள ஹரித?" என்று கேட்பதுதான். தங்கச்சி, தமிழ் சரியா என்று சிங்களத்தில் கேட்கிறாராம். சரி என்றேன். அப்படி என்ன அவசரமோ, சனியன்! தமிழ் எழுத்துருவை நானே எப்போதோ என் கணினியில் போட்டுவைத்திருந்தேன். அதை மென்பொருளோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்று தோன்றவேயில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்துகளுக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே படிக்கிற பாடம் இது.

அது போதாதென்று வீட்டில் போய்ப் பெருமையடித்தேன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குக் கீழே இருந்த மருந்துக்கடையும் எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தது.

"இனி உங்களுக்குத் தமிழிலேயே அடிச்சுத் தருவினம், அம்மா."

அம்மா அதை மாடி மாடியாகச் சொல்லித் திரிந்தார்.

முழங்கால் வலிக்கு டொக்டர் எழுதிய குளிசையை அங்கேதான் வாங்கினார். கடைக்காரர் சிங்களத்தில் விளக்கியிருக்கிறார். அம்மா வழக்கம்போல "ஹரி, ஹரி" என்று, சரி சரி என்பதுபோல், தலையாட்டியிருக்கிறார். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். விளங்காவிட்டாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். போதாததற்கு, மகள் செய்த தாள் கையில் இருக்கிறதே என்ற தைரியம் வேறு.

மூன்று வாரத்தில் அம்மாவின் முகமும் காலும் வீங்கின, மூச்சு வாங்கியது. பொரளையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றார்கள். அந்த வலிக் குளிசையை எத்தனை நாள் குடித்தார் என்று ஆஸ்பத்திரி டொக்டர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மா கைப்பையைத் திறந்து தாளை நீட்டினார்.

"ஒரு நாளும் விடேல்லை. குடிச்சுக் குடிச்சு ஒவ்வொரு கட்டத்திலையும் சரி போட்டனான். நல்ல வசதியாத்தான் செய்திருக்கிறாய், பிள்ளை. மறக்கவே ஏலாது."

மருந்தின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே இரண்டு வரி வெற்றுக் கட்டங்கள். அவற்றில் ஒன்று விடாமல் வரிசையாக, நீலப் பேனையால் சின்னச் சின்னச் சரி அடையாளங்கள். அங்கே வந்திருக்க வேண்டிய வாக்கியம் எனக்கு மனப்பாடம், தட்டச்சு செய்தவளே நான்தான்: வலி இருந்தால் மட்டும் குடிக்கவும், தொடர்ந்து மூன்று நாட்களுக்கு மேல் வேண்டாம்.

வயதும் ஒரு காரணம் என்று டொக்டர் சொன்னார். அந்த ஆறுதல் என்னில் ஒட்டவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போய் எழுத்துருவைச் சேர்த்து, எல்லாக் கடைகளுக்கும் புதிய பதிப்பை அனுப்பினேன். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அன்று பின்னேரம் அம்மா என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, டொக்டர் தாளைப் பார்த்திட்டு முகத்தைச் சுழிச்சவர். நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?"

"இல்லையம்மா. நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை."

"அப்ப ஆர் பிழை விட்டது?"

சொல்ல வாயெடுத்தேன். அம்மா அவ்வளவு நம்பிக்கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்காரர்தான், அம்மா," என்றேன்.

"பாவம், அந்த மனுசனோட சண்டைக்குப் போயிடாதை," என்றார்.

இரண்டு நாளில் அம்மா போய்விட்டார். செத்த வீட்டுக்கு அந்தக் கடைக்காரர் மாலையோடு வந்து, கும்பிட்டு, என் முன்னால் நின்று அழுதார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.