நாங்கள் பாடாத சனிக்கிழமை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. அடியில் ஓட்டை போட்ட கோப்பையில் பெயிண்டை ஊற்றி, அது எவ்வளவு வேகமாக வடிகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேலையைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் எரிச்சல். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொல்வார். பிறகு டிபன் டப்பாவையும் திறக்கச் சொல்வார். மத்தியானம் தின்ற மீன் முள்ளும் காய்ந்த குழம்புமாக இருக்கிற டப்பாவை, பின்னால் வரிசையில் நிற்கிற ஆண்களுக்கு நடுவில் திறந்து காட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் ஒரு நாள் கோபமாக மாறியது. ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது கோபம் பாட்டாக வந்துவிட்டது.

திறந்து காட்டு திறந்து காட்டு
டிபன் டப்பா திறந்து காட்டு
தின்னது எங்கூட்டுச் சோறு
உனக்கு இன்னாத்துக்குப் பேஜாரு

இதற்கு மெட்டுப் போட்டவன் திருவள்ளூர்க்காரன். பரம்பரையாகப் பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிற குடும்பம். அவன் மட்டும் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, எங்கள் கம்பெனிக்கு எதிரில் இருக்கும் இரும்பு ஆலையில் சேர்ந்திருந்தான். கிடார் வாசிப்பான். அதே ஆலையில் கிரேன் ஓட்டுகிற ஆரம்பாக்கத்துப் பையன் எங்களுக்கு டிரம்ஸ். அவன் வீட்டில் நெல் வயல் உண்டு. பையன் என்று நான்தான் சொல்கிறேன். அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. என்னை அக்கா என்பான். கிடார்க்காரனைச் சாமி என்பான். ஆலையில் ஓர் ஆயுத பூஜைக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பாடினோம். அன்றைக்கே பேண்டு என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டோம்.

அதன் பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஓர் ஓட்டலின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் பாட இடம் கிடைத்தது. சினிமாப் பாட்டு எங்களுக்கு வராது. ரயில் நடுவழியில் நிற்பதைப் பற்றி, ஒரே பாயில் ஷிஃப்ட் மாற்றி மாற்றித் தூங்குகிறவர்களைப் பற்றி, ஓவர்டைம் போட்டுவிட்டுப் பிள்ளையின் பிறந்தநாளைத் தவறவிட்டவரைப் பற்றி நாங்களே எழுதியவைதான். முதலில் நாலு மேசைதான் நிறைந்தது. சில மாதங்களில், வந்தவர்கள் படியில் காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழே தெரியாத வடநாட்டுப் பிள்ளைகள்கூட டிபன் டப்பா பாட்டு வந்தால் கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டு சேர்ந்து பாடுவார்கள்.

ஒரு நாள் மேனேஜர் என்னைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டார்.

"மேடம், பாட்டு போடறதுக்கு லைசென்ஸ் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. எடுத்துட்டேன். இனிமே உங்களுக்குக் குடுக்கறதுல கொஞ்சம் கொறையும்."

"அந்தப் பணம் யாருக்கு சார் போவுது?"

"பாட்டு எழுதினவங்களுக்கு, மியூசிக் போட்டவங்களுக்கு. ராயல்டின்னு பேரு."

"சனிக்கிழமை இங்க பாடறது எல்லாம் நாங்க எழுதினதுதானே சார்."

அவர் சிரித்தார். "நீங்கதான் பாடறதுக்கு வாங்கிக்கிறீங்களேம்மா. உங்க பாட்டை நீங்களே பாடறதுக்கு இன்னொரு தடவையா?"

அவர் வில்லத்தனமாகச் சிரிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த மாடியில் ஒலித்த ஒவ்வொரு சொல்லும் எங்களுடையது. அந்தச் சொல்லுக்காகக் கட்டின பணம், எங்கள் கூலியிலிருந்து கழித்த பணம், எங்களைத் தவிர எல்லோருக்கும் போகிறது.

அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பாடலாசிரியர்களுக்காக ராயல்டி வசூலிக்கிற சங்கத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகப் பேசினார். எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உறுப்பினராகச் சேர வேண்டும், பாட்டுகளைப் பதிய வேண்டும், லைசென்ஸ் வாங்கிய ஓட்டல் அங்கே என்னென்ன பாட்டுப் பாடினார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும் என்றார்.

"நாங்களே எழுதி, நாங்களே பாடினாலும் வருமா?" என்று கேட்டேன்.

"வரும் மேடம். பாடறது வேற வேலை, எழுதினது வேற வேலை. ரெண்டுத்தையும் நீங்களே செஞ்சா ரெண்டும் உங்களுக்குத்தான்."

இத்தனை எளிமையான விஷயத்தை இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்று இருந்தது. நானும் கிடார்க்காரனும் சேர்ந்தோம். பாட்டுகளைப் பதிந்தோம். அதன் பிறகு மேனேஜரிடம் போய், நாங்கள் பாடுகிற பாட்டுகளின் பெயர்களை எழுதி அனுப்பச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் ஒரு தாளை நீட்டினார். எங்கள் பாடல்களை இந்த ஓட்டலில் பாடுவதற்காக யாரிடமும் எந்த ராயல்டியும் கோர மாட்டோம் என்று டைப் அடித்திருந்தது. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம்.

"எதுக்கு சார் இது?"

"லைசென்ஸ் புதுப்பிக்கும்போது இதைக் காட்டினா எனக்குக் கொறைப்பாங்களானு பாக்கத்தான். சும்மா ஒரு ஃபார்மாலிட்டிமா."

"நான் போட மாட்டேன்."

"அப்ப சனிக்கிழமை வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"பாத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், மற்ற இரண்டு பேரையும் கேட்காமல் சொல்லிவிட்டோமே என்று உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் ஆரம்பாக்கத்தில் டிரம்மர் வீட்டில் உட்கார்ந்தோம். வழக்கமாக அங்கேதான் பயிற்சி. அன்றைக்கு யாரும் எதையும் தொடவில்லை. நடந்ததைச் சொன்னதும் டிரம்மருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, எங்க நைனா நெலத்துல எங்க நைனாவே ஏர் ஓட்டினா எவன் குத்தகை தருவான்? நம்ம பாட்டை நாமளே பாடறோம். கூலி வருது. போதாதா?"

"நெலம் நம்மளுதுதான். வெளஞ்சத வித்துக்கினு இருக்கறது யாரு? அந்த மாடி ரொம்பறது நம்ம பாட்டுக்காவதானே."

"அதெல்லாம் சரி. டிரம்ஸுக்கு நான் தவணை கட்டிக்கினு இருக்கேன். நீ பாட்டுக்கு மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் முறை. கிடார்க்காரன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க அப்பா கோயில் கோஷ்டியில பாசுரம் சேவிக்கும்போது, அதைப் பாடி வெச்சவர முதல்ல வணங்கிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க" என்றான். "எத்தனையோ தலைமுறையா அப்படித்தான். ஒருநாள்கூட விட்டதில்ல. நான் அதைக் கேட்டு வளந்தவன். என் மெட்டுக்கு நான் யாருமில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடறதுக்கு எனக்கு மனசு வராது."

"சாமிக்கு வரலன்னா எனக்கு இன்னா?" என்று டிரம்மர் எழுந்து வயல் பக்கம் போய்விட்டான். வெகு நேரம் திரும்பி வரவில்லை. அவன் மனைவிதான் டீ கொடுத்து எங்களை அனுப்பிவைத்தார்.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டில் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. கிடார்க்காரனுக்குப் போன் செய்தேன். "வா, ஓட்டலுக்குப் போலாம். பாட இல்ல, சாப்பிட. காசு குடுத்துச் சாப்பிட்டா அவர் எப்படி வேணான்னு சொல்வாரு?" என்றேன். அவன் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தான். மேடைக்கு நேர் எதிரில் இருக்கிற மேசையில் போய் உட்கார்ந்தோம். மேனேஜர் பார்த்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை.

மேடையில் திருவள்ளூரிலிருந்து வந்த ஒரு மெல்லிசைக் குழு. பாடகி என்னைவிட மிகவும் மூத்தவர். பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருந்தவன் எங்கள் டிரம்மர்.

மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். அவனும் வந்திருக்கிறான். தவணை என்று சொன்னானே, அதை நினைத்துக்கொண்டு கோபப்படாமல் இருக்கப் பார்த்தேன். கிடார்க்காரன் தட்டில் இருந்த பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

குழு நன்றாகத்தான் பாடியது. எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுகள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒருவர், "டிபன் டப்பா பாடுங்க" என்று குரல் கொடுத்தார். அதன் பிறகு வடநாட்டுப் பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். மாடி முழுக்கத் தட்டுகிற சத்தம். பாடகி திரும்பி டிரம்மரிடம் என்னவோ கேட்டார். அவன் அந்தப் பாட்டின் அடியைப் போட்டுக் காட்டினான். கூட்டம் கத்தியது. சட்டென்று அடியை நிறுத்திவிட்டு எழுந்தான். பக்கத்தில் இருந்த மைக்கை எடுத்தான்.

"இந்தப் பாட்டு எங்க அக்கா எழுதினது. மெட்டு அந்தச் சாமி போட்டது. ரெண்டு பேரும் தோ உக்காந்துகினு இருக்காங்க. இன்னிக்குப் பாடற பாட்டுல இவங்க பேரையும் எழுதி அனுப்பறேன்னு ஓனர் சொல்லட்டும். அப்பதான் வாசிப்பேன்."

மேனேஜரை அவன் ஓனர் என்றதில் சிலர் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. நான் எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியாது, உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பாடகி இன்னொரு மைக்கில் சாதாரணமாகச் சொன்னார். "எப்படியும் நாங்க பாடற பாட்டு எல்லாத்தையும் எழுதித் தரத்தானே போறோம் சார். அதுல இதையும் சேத்துக்கினா போச்சு. ஒரு வரிதானே."

மாடி நிறைய வாடிக்கையாளர்கள். தட்டுச் சத்தம் மறுபடி எழுந்தது. மேனேஜர் கையை ஆட்டினார். "சரி சரி, எழுதிக்கலாம். பாடுங்க."

பாடகிக்கு வரிகள் தெரியாது. என்னை மேடைக்குக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. கீழே குனிந்து, "சொல்லு கண்ணு" என்றார். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தேன், அவர் வாங்கிப் பாடினார். நான் கோபமாகக் கத்துகிற இடத்தை அவர் கிண்டலாக இழுத்தார். "இன்னாத்துக்குப் பேஜாரு" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு திருப்புத் திருப்பினார். கூட்டம் அதிர்ந்தது. என் பாட்டு என்னை விட்டு வெளியே போய், இன்னொருத்தர் வாயில் வேறு மாதிரி நடக்க ஆரம்பித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். மேடையில் நின்று பாடியபோது ஒருநாளும் வராத திமிர் எனக்கு அப்போது வந்தது. இதை எழுதினது நான். யார் பாடினாலும் எழுதினது நான்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் பாடகி மேனேஜரை விடவில்லை. அவர் முன்னாலேயே உட்கார்ந்து எங்கள் பெயர்களை எழுத வைத்தார். "முப்பது வருஷமா அடுத்தவங்க பாட்டைப் பாடித்தான் சோறு தின்னுக்கினு இருக்கேன். அவங்க பேரைச் சொல்லாம பாடினா எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

டிரம்மர் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன்.

"வாசிக்க வரேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மட்டும் சொன்னியா?" என்றான். பிறகு கொஞ்சம் இறங்கி, "தவணைக்குத்தான் அக்கா வந்தேன். உன்னைப் பாத்துக்கினே அந்த அடியைப் போட முடியல" என்றான்.

அவனையும் அந்த ஓட்டலில் அதோடு நிறுத்திவிட்டார்கள். சில மாதம் கழித்து ராயல்டி வந்தது. பெரிய தொகை இல்லை. டிரம்மர் என் போனை வாங்கி மெசேஜைப் பார்த்துவிட்டு, "இன்னா அக்கா, டப்பு ரெண்டு பிரியாணிக்குக்கூட வராது போலிருக்கே" என்றான். வராதுதான். ஆனால் அது யாரும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. நாங்கள் எழுதியதற்கு வந்தது. அடுத்துப் பதிந்த பாட்டுகளில் இசை என்ற இடத்தில் அவன் பெயரையும் சேர்த்தோம். "நான் இன்னா எழுதினேன், சும்மா தட்டினேன்" என்று மறுத்தான். அந்த அடி இல்லாமல் அந்தப் பாட்டு நடக்காது என்று கிடார்க்காரன் சொன்னதும் வாயை மூடிக்கொண்டான்.

மேனேஜர் ஒரு முறை போன் செய்தார். சனிக்கிழமைக் கூட்டம் குறைந்துவிட்டதாம். "பழசை எல்லாம் விடுங்கம்மா, வந்து பாடுங்க" என்றார். பாட்டுகளை எழுதி அனுப்புவீர்களா என்று கேட்டேன். "அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்புறமே வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் நாங்கள் இன்னும் போகவில்லை.

பாடுகிற பாட்டுகளின் பெயரைச் சங்கத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று இப்போது கூப்பிடுகிறவர்களிடம் எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு காலேஜில் ஒத்துக்கொண்டார்கள். போன பொங்கலுக்கு வேப்பம்பட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாடினோம். அதன் செயலாளர், ரிட்டையர் ஆனவர், மேடைக்குப் பக்கத்தில் வந்து என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்க சொந்தப் பாட்டுன்னு சொல்றீங்க. அதுக்கு எதுக்குங்க இவ்ளோ பிடிவாதம்?"

"சொந்தம்ங்கறதாலதான் சார்" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "சொல்லுங்க, முதல் பாட்டு பேரு இன்னா?" என்றார். நான் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும் வரை கிடார்க்காரன் பெட்டியைத் திறக்கவில்லை.